ஆடியில் வராத ஜுரம்

வரதனுக்கு ஆடி மாசத்தில் ஜுரம் வந்து போனது என்பது குப்பத்துக்கே தெரிந்த சங்கதி. வரவே இல்லை என்பது இரண்டே பேருக்குத் தெரிந்த சங்கதி. ஒன்று வரதன். இன்னொன்று அவன் பெண்டாட்டி கன்னியம்மா.

காசிமேட்டுக்கு வடக்கே, திருவொற்றியூர் போகிற வழியில் இருந்த குப்பம் அது. ஜெர்மன்காரனோடு நடந்த சண்டை முடியப்போகிறது, முடியாது என்று துறைமுகத்தில் தினம் ஒரு பேச்சாக அடிபட்ட வருஷம். அந்த வருஷம் சித்திரையில் வரதனின் கட்டுமரம் அலையில் கவிழ்ந்தது. தண்ணீரில் கிடந்தவன் சும்மா கிடக்காமல், "தாயே, என்னக் கரையில சேத்துடு, ஆடித் திருவிழாவுல உனுக்குத் தீ மிதிக்கிறேன்" என்று கத்திவிட்டான். தண்ணீரில் கிடக்கிறவனுக்கு நெருப்பு என்றால் இனிப்பாகத்தான் இருக்கும். கத்தினதுதான் கத்தினான், மனசுக்குள்ளே கத்தியிருக்கலாம். அதே தண்ணீரில் அவனுடைய மச்சான் கிருஷ்ணப்பனும் கிடந்தான். கன்னியம்மாவுக்கு அண்ணன், ஒரே மரத்தில் தொழில். அவன் காதில் விழுந்த பேச்சு எந்தக் காலத்தில் அவன் வாயில் நின்றிருக்கிறது? இருவருக்கும் ஈரம் காய்வதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துபோனது.

ஆடி வந்தது. வரதன் கையில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் குழி வெட்டினார்கள். முந்தின நாள் அந்தக் குழியின் நீளத்தைப் பார்த்தான், அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பழகின கால். அதைப் போய் நெருப்பில் வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

அப்போது ராயபுரத்தில் ஒரு ஜுரம் சுற்றிக்கொண்டிருந்தது. பம்பாயிலிருந்து வந்தது என்றார்கள். ரயிலில் வந்ததா கப்பலில் வந்ததா என்று அதற்குள்ளும் ஒரு சண்டை. வந்தால் இரண்டு மூன்று நாள் படுக்கவைக்கும், அப்புறம் எழுப்பிவிட்டுப் போய்விடும். ஆளைக் கொல்லாத நல்ல ஜுரம். துறைமுகத்துக் கூலிகள் பாதிப்பேர் அதைச் சொல்லி வேலைக்கு டிமிக்கி கொடுத்தார்கள். வரதனும் அதைக் கொஞ்சம் இரவல் வாங்கிக்கொண்டான். தீமிதி அன்று காலையில் கம்பளியை இழுத்து மூடிப் படுத்தான்.

கன்னியம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே அடுப்பில் சட்டி வைத்துக் கடல் மணலை வறுத்தாள். வறுத்த மணலைத் துணியில் முடிந்து அவன் இரண்டு அக்குளிலும் வைத்தாள். பூசாரி வந்து மார்பில் கை வைத்துப் பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அப்பா! அனலாக் கொதிக்குது! ஆத்தா இவன் மேலயே எறங்கிட்டாடா. உள்ளயே நெருப்பு எரியுது, இவனுக்கு வெளியில இன்னாத்துக்கு நெருப்பு?" என்றார். வேண்டுதல் தீர்ந்தது. காப்பை அவிழ்த்தாயிற்று. அக்குளில் இரண்டு கொப்புளம். தீ மிதித்திருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது என்று கன்னியம்மா பிறகு பலமுறை சொல்லிக்காட்டினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் வரதன் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருப்பான். ஐப்பசியில் அதே ஜுரம் திரும்பி வந்தது. அதேதானா, அதன் அண்ணனா என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை அது எழுப்பிவிடுகிற ஜுரமாக இல்லை. காலையில் தோளில் வலையோடு போனவன் சாயங்காலம் மூக்கில் ரத்தத்தோடு கிடந்தான். உதடு நாவற்பழமாகக் கறுத்துச் செத்தார்கள். கிழவர்களை விட்டுவிட்டு இருபதும் முப்பதுமாக இருந்தவர்களைத் தேடித் தேடி எடுத்தது. பாடையைத் தூக்கத் தோள் கிடைக்காமல் வண்டியில் வைத்துச் சுடுகாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜுரம் கண்ட வீட்டின் பக்கம் ஒரு குஞ்சும் போகவில்லை. உள்ளே கிடந்தவர்கள் ஜுரத்தால் பாதி செத்தார்கள், ஒரு வாய் கஞ்சி ஊற்ற ஆளில்லாமல் மீதி செத்தார்கள்.

நாட்டார் நீலமேகம் பஞ்சாயத்தைக் கூட்டினார். குப்பத்துக்கு வழக்குத் தீர்க்கிறவர் அவர்தான். எந்தச் சாவுக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் அவர் வாயைத் திறந்தால் மூடுவதற்குள் அலை இரண்டு தடவை ஏறி இறங்கிவிடும். அன்றைக்குச் சுருக்கமாகவே பேசினார்.

"அம்ம போட்ட வூட்டுக்குள்ள யாருடா போறது?"

"மூஞ்சில தழும்பு கீறவன் போவான், நாட்டாரே" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"ஏன்?"

"அவனுக்குத்தான் ஒருக்கா வந்துட்டுதே, மறுக்கா வராது."

"அதேதான் இதுக்கும். ஆடியில ஜுரம் கண்டு எழுந்தவன் யாரோ அவனுக்கு இது மறுக்கா வராது. அவன் வூடு வூடாப் போய்க் கஞ்சி ஊத்தணும். கோயிலாண்ட பான வச்சு ஆக்கிடலாம்."

அம்மைக்கு அது சரி. ஊர் ஊராகத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த வழக்கம். ஆனால் அம்மை முகத்தில் குத்திவிட்டுப் போகிற முத்திரை இந்த ஜுரத்துக்குக் கிடையாது. வந்ததா வரவில்லையா என்பதற்கு அவனவன் வாய்தான் சாட்சி. இதை அன்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்த ஒரே ஆள் வரதன். அவன் மெல்ல நழுவிக் கோயில் மதிலுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

"எங்க மச்சான் கீறான்!" என்று கத்தினான் கிருஷ்ணப்பன். "மொத ஆளு அவன்தான்! அவனுக்கு வந்த ஜுரம் வேற எவனுக்கு வந்துது? பூசாரி கையே வெந்துபூட்ச்சே!"

பூசாரி கையைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் வரதனுக்கு வழி விட்டது.

ஐந்தாறு பேர் தேறினார்கள். குப்பத்தை வரிசை வரிசையாகப் பிரித்தார்கள். கடலோர வரிசை வரதனுக்கும், ஆடியில் படுத்து எழுந்த பூவம்மாவுக்கும் விழுந்தது. கிருஷ்ணப்பனுக்கு ஆடியில் ஜுரம் வராததால் ஒரு வரிசையும் விழவில்லை. உண்மை பேசினவனுக்கு உலகத்தில் அபூர்வமாகக் கிடைக்கிற லாபம் அது.

வீட்டில் கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு எட்டு நெருப்புல நடந்திருந்தா இந்நேரம் காலு ஆறியிருக்கும். இப்ப உசுரையே வைக்கச் சொல்றான்."

"சொல்லிடட்டுமா?"

"இன்னான்னு சொல்லுவ? ஆத்தாள ஏமாத்தினேன்னா? ஊரு சாவுறதே அதனாலதான்னு ஒன்னியும் என்னியும் சேத்துக் கடல்ல தள்ளுவானுங்க. மணல வறுத்தது நானு."

அது உண்மை. வரதன் மறுநாள் காலையில் கஞ்சிப்பானையைத் தூக்கினான்.

பூவம்மா மீன்கூடைக்காரி. கன்னியம்மாவுக்கும் கிருஷ்ணப்பனுக்கும் அத்தை, அதனால் வரதன் அவளுக்கு மாப்பிள்ளை. ராயபுரத்துத் தெருக்களில் கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து தூணாக இருக்கும். அதன்மேல் இருக்கிற வாய் அதைவிடப் பலம். முதல் வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஆரம்பித்தாள்.

"ஏன் மாப்ள, ஆடியில ஒனக்கு வந்துதே, எப்டி இருந்துச்சு?"

"ஜுரமாட்டம் இருந்துச்சு."

"அது தெரியாதா? மொதல்ல இன்னா வலிச்சுது?"

வரதன் உஷாரானான். "உனுக்கு இன்னா வலிச்சுது அத்தே?"

"நான் ஒன்னக் கேட்டா நீ என்னக் கேக்கிற."

"தல."

"முன்னாலயா, பின்னாலயா?"

"சுத்தி."

"வாய் கசந்துச்சா?"

"வேப்பெண்ணையாட்டம்."

"இருமல்?"

"அது இல்லாம இருக்குமா? லொக்கு லொக்குன்னு."

"எனக்கு இருமலே இல்லியே" என்றாள் பூவம்மா. அவள் முகம் சுண்டியது.

"அப்ப எனக்கும் இல்ல அத்தே. ரொம்ப இல்ல. ரெண்டு தபா இருமியிருப்பேன்" என்று வரதன் பேச்சை மாற்றினான். அவனுக்குத் தன் பொய்யைக் காப்பாற்றுகிற கவலை. அவள் எதற்குக் கேட்கிறாள் என்று பார்க்க நேரமில்லை.

முதல் வீட்டு வாசலில் நின்றதும் அவனுக்கு ஒரு புத்தி வந்தது. நங்கூரக் கல் பாறையில் மாட்டிக்கொண்டால் முங்கி எடுப்பது அவன்தான். குப்பத்திலேயே அவனைப்போல் மூச்சுப் பிடிக்கிறவன் கிடையாது. காற்றில்தானே ஜுரம் இருக்கிறது? காற்றை உள்ளே விடாவிட்டால்? வாசலில் நின்று கடலைப் பார்த்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். கன்னம் உப்ப உள்ளே போனான். தலையைத் தூக்கிக் கொட்டாங்குச்சியில் கஞ்சியை வாயில் ஊற்றினான். ஊற்றினதும் வெளியே ஓடிவந்தான். மூச்சு விட்டான். மறுபடி இழுத்தான், மறுபடி முங்கினான்.

உள்ளே இருக்கிறவரை ஒரு வார்த்தை பேசமாட்டான். எப்படிப் பேசுவான்? வாயைத் திறந்தால் போச்சு. "வரதா, நான் பொழப்பேனா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவான். கண் பிதுங்கிக்கொண்டு, முகம் சிவந்து, சாமி வந்த மாதிரி ஒரு வேகத்தோடு அவன் தலையாட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும்.

சில நாள் போனது. குப்பத்தில் பேச்சு எழுந்தது. வரதன் மௌன விரதம் இருக்கிறான். ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டு வாய் பேசாமல் கஞ்சி ஊற்றுகிறான். அவன் ஊற்றின வீட்டில் நாலு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பூசாரி அதற்கு ஒரு விளக்கமும் சொன்னார். எதற்கு விளக்கம் கிடைக்காமல் போனாலும் பூசாரிக்குக் கிடைத்துவிடும். வீடுகளில் எல்லோரும் வரதன் கைக் கஞ்சிதான் வேண்டும் என்றார்கள்.

பூவம்மாவுக்கு எரிந்தது. "ஏன், நான் ரெண்டு வார்த்த பேசிகினு ஊத்தினா கஞ்சி புளிச்சுப் பூடுமா? இவரு பெரிய சாமியாரு. வெளில வந்ததும் இஸ்து இஸ்து மூச்சு வுடுறாரு, கிணத்துல உழுந்த மாடாட்டம்."

"அது ஜபம் அத்தே" என்றான் வரதன், மூச்சு வாங்கிக்கொண்டே.

வாசலில் நின்று இழுக்கிற காற்றும் உள்ளே இருக்கிற காற்றும் ஒன்றுதானே, நடுவில் இருப்பது ஒரு சாக்குப் படுதாதானே என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொள்வான்.

ராயபுரத்து மருந்துக்கடை ஒன்றிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் என்ற கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். மூக்கில் கைக்குட்டை கட்டியிருப்பார். செம்மண் நிறத்தில் ஒரு தண்ணீரை வீட்டுக்கு ஒரு புட்டி கொடுத்துவிட்டுப் போவார். அந்த நிறத்தைப் பார்த்தே குப்பத்தில் பாதிப்பேர் குடிக்கவில்லை, மண்ணில் ஊற்றினார்கள். குடித்தவர்களுக்கும் ஊற்றினவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. வரதன் ஒருநாள் அவரை மறித்தான்.

"ஐயா, ஒரு சந்தேகம். ஒரு தபா வந்தவனுக்கு இது மறுக்கா வருமா?"

"வராதுன்னு சொல்றாங்க."

அவன் தொண்டையைக் கனைத்தான். "ஒரு தபாவும் வராதவனுக்கு?"

"வரலாம். வராமலும் போலாம்."

"யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு எப்டிக் கண்டுபுடிக்கிறது?"

"வந்தா தெரியும்."

"உங்க டாக்டரு இன்னா சொல்றாரு?"

ஸ்டானிஸ்லாஸ் சைக்கிளை ஒரு தள்ளு தள்ளிக் காலைப் போட்டார். "டாக்டரே படுத்துகினு கீறாருப்பா."

 படித்தவன் பொய் சொல்லியிருந்தால் அதைச் சந்தேகப்பட்டாவது வரதன் பொழுதைப் போக்கியிருப்பான். தெரியாது என்று சொல்லிவிட்டால் ஒருவன் எதைப் பிடித்துக்கொள்வது?

அடுத்து நாட்டார் நீலமேகமே படுத்தார். நாட்டார் வீடு கடலோர வரிசையில் கடைசி வீடு. வரதன் வழக்கம்போல் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே முங்கினான். கஞ்சியை ஊற்றிவிட்டு எழுந்தான். நாட்டார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஜுரத்தில் கை எரிந்தது. பிடி மட்டும் நல்ல தேகத்துப் பிடி.

"வரதா, உக்காரு. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

வரதன் தலையை ஆட்டினான்.

"எனக்குத் தெரியும்டா, நீ மௌனம். நீ பேச வாணாம். நான் பேசறேன். எங்கப்பன் காலத்துல இந்தக் கரையில..." என்று தொடங்கினார். கரையில் எங்கெங்கே மரம் ஏற்றினார்கள், துறைமுகத்துக் கல்லைப் போட்டதும் மணல் எப்படி வடக்கே அரித்துக்கொண்டு போனது, அதற்கு வெள்ளைக்காரனிடம் யார் போய்ச் சொன்னார்கள், யார் போகாமல் ஏமாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நல்ல உடம்போடு பேசுவதைவிட ஜுரத்தில் அதிகம் பேசினார். வரதன் கையை இழுத்தான். வரவில்லை. காதில் கடல் இரைந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. கண்ணீர் தாரையாக வழிந்தது.

"எனக்காக அழுவுறியாடா?" என்றார் நாட்டார். "ஐயோ, இப்டி ஒரு பாசமா!" என்று சொல்லி அவன் முகத்தைத் தன் முகத்தின் பக்கம் இழுத்தார்.

அப்போதுதான் வரதனின் நெஞ்சு தோற்றது. திமிங்கிலம் மாதிரி வாயைப் பிளந்து மூச்சை இழுத்தான். நாட்டார் இருமுகிற நேரமும் அதுவாக இருந்தது.

ஒரு நாள் ஒன்றுமில்லை. அடுத்த நாளும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தும்மலுக்கும் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள், "பொகப்பா, அடுப்புப் பொக" என்பாள். அதற்கு அடுத்த காலையில் கஞ்சிப்பானையோடு பாதி வரிசை போயிருப்பான், முதுகுத்தண்டில் யாரோ பனிக்கட்டியை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

பூவம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னா மாப்ள, பல்லால மோளம் வாசிக்கிற?"

"வெயிலு அத்தே. வெயிலு ஏறிப்பூட்ச்சு."

"சூரியனே ரெண்டு மூணு நாளா எழுந்துக்கல, வெயிலு எங்கேருந்து வந்துது?" அவள் அவன் கழுத்தில் கையை வைத்தாள். வைத்த கையை அப்படியே காற்றில் தூக்கி நிறுத்திக்கொண்டு கத்தினாள். "ஐயையோ! மாப்ளைக்கு மறுக்கா வந்துட்டுது!"

அந்தச் சத்தம் காசிமேடு வரைக்கும் போயிருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் வரதன் எதிர்பார்க்காதது. தனக்கு ஜுரம் வந்தால் தன் பொய் வெளிப்படும் என்றுதான் அவன் பயந்திருந்தான். பொய் வெளிப்படவே இல்லை. குப்பத்துக்கு அவன்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆடியில் அவனுக்கு வந்தது சத்தியம், பூசாரி கை சாட்சி. இப்போது வந்திருப்பதும் சத்தியம். ஆக, ஒரு தடவை வந்தவனுக்கு மறு தடவை வரும். மௌன விரதம் இருந்தவனுக்கே வந்தால் மற்றவன் எம்மாத்திரம்?

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த ஐந்தாறு பேரும் பானையைக் கீழே வைத்தார்கள். பூவம்மா முதலில் வைத்தாள். வீட்டுக்குப் போய்ப் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். கோயில் அடுப்பு அன்றே அணைந்தது.

வரதன் பாயில் கிடந்தான். மறுநாள் கன்னியம்மா அவன் பக்கத்தில் சாய்ந்தாள். இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நடுங்கினார்கள். வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு குழந்தை கஞ்சி கஞ்சி என்று அழுதுகொண்டே இருந்தது. பிறகு அழவில்லை. வரதனுக்கு அழுகையைவிட அது நின்றதுதான் தாங்கவில்லை.

கிருஷ்ணப்பன் வந்தான். தங்கச்சி ஆயிற்றே, வராமல் இருப்பானா? வேலிக்கு வெளியே நின்றான். ஒரு சட்டிக் கஞ்சியைத் தரையில் வைத்து, கட்டுமரத்துத் துடுப்பால் அதை வாசற்படிப் பக்கம் தள்ளினான்.

"மெல்லத் தள்றேன் கன்னிம்மா, எடுத்துக்கோ!"

துடுப்பு மணலில் சிக்கியது. அவன் பலத்தைக் கொடுத்துத் தள்ளினான். சட்டி உருண்டது. கஞ்சி மணலுக்குள் போய்விட்டது. காகங்கள் இறங்கின.

"அண்ணாத்த, நல்லா இருப்ப நீ" என்றாள் கன்னியம்மா உள்ளேயிருந்து. அதைச் சொல்லக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை. உதட்டின் ஓரம் லேசாகக் கறுத்திருந்தது.

வரதன் அந்த உதட்டையே பார்த்தான். உண்மையைச் சொன்னால் கடலில் தள்ளுவார்கள். சொல்லாவிட்டால் இவளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஒருவர் வரப்போவதில்லை. கடலில் தள்ளுவதானால் தூக்குவதற்காவது நாலு பேர் உள்ளே வந்தாக வேண்டும். அப்படி யோசித்தபோது அவனுக்குக் கொஞ்சம் தெளிவு பிறந்தது.

நாலு காலில் தவழ்ந்து வாசலுக்கு வந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"யோவ்! எல்லாரும் கேட்டுக்கோங்க! எனக்கு ஆடியில ஜுரமே வர்ல! பொய்! இப்பத்தான் மொத தபா வந்துகீது!"

தெருவில் அங்கங்கே தலை நீண்டது. கிருஷ்ணப்பன் துடுப்போடு திரும்பிப் பார்த்தான். "ஐயோ பாவம், ஜுர வேகத்துல ஒளர்றான்."

"ஒளரலடா! நெருப்புக்குப் பயந்துகினு படுத்தேன்! நான் பயந்தாங்கொள்ளி!"

"பாத்தியா," என்றார் பூசாரி தூரத்திலிருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாமல்லாம் தைரியமாக் கஞ்சி ஊத்தணும்னு தன்னையே தாழ்த்திக்கிறான். மகான்!"

வரதனுக்கு அழுகை வந்தது. பொய் சொன்னபோது இந்த ஊர் எவ்வளவு சுலபமாக நம்பியது! அவன் இரண்டு கையையும் தூக்கி, அக்குளில் இருந்த தழும்பைக் காட்டினான். "மணல் மூட்ட! வறுத்த மணலு! அந்தச் சூட்டத்தான் நீ தொட்டுப் பாத்த!"

"ஆமா சாமி" என்று உள்ளேயிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது. "நாந்தான் வறுத்தேன்."

பூசாரி தன் உள்ளங்கையைப் பார்த்தார்.  பிறகு எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். ஆத்தாளையே ஏமாற்றினவன், இவனால்தான் ஊரே சாகிறது, இவன் பெண்டாட்டி உடந்தை, கஸ்மாலம், கலீஜு, இழுத்துப் போடு வெளியே. ஆனால் இழுக்க யாரும் கிட்டே வரவில்லை. வேலிக்கு வெளியே நின்றே இழுத்துப் போடச் சொன்னார்கள்.

கடைசி வீட்டு வாசலில் நாட்டார் நீலமேகம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். பிழைத்துவிட்டார். குரல்தான் பாதி போயிருந்தது. அதனாலேயே எல்லோரும் வாயை மூடிக் கேட்டார்கள்.

"டேய், இவன் தீ மிதிக்காததுக்கு ஆத்தாளுக்குக் கோவம்னா இவனத்தானே எடுக்கணும்? பம்பாய்க்காரன் ஏன்டா சாவுறான்? அவனா இங்க வந்து மணல் வறுத்தான்?"

அவர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பஞ்சாயத்து அப்புறம். நாலு பேரு உசுரோட இருந்தாத்தான் அதுக்கும் ஆளு கூடும். இவனுக்கு மொத தபாதான் வந்துகீது. அப்ப நம்ம வழக்கம் தப்பில்ல. மெய்யா வந்தவனுக்கு மறுக்கா வராது. போங்கடா, கோயில் அடுப்ப மூட்டுங்க."

கொஞ்சம் கொஞ்சமாகத் தெரு கலைந்தது. புகை எழுந்தது. மத்தியானத்துக்குள் கஞ்சிப்பானைகள் கிளம்பின. அழுகையை நிறுத்தியிருந்த குழந்தை வயிற்றில் ஏதோ விழுந்ததும் மறுபடி ஆரம்பித்தது. வரதன் அதைக் காது குளிரக் கேட்டான்.

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அவன் வாசலில் நின்று ஒரு வசவு வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் வசவோடு ஒரு துண்டு சுக்கும் வைத்தார்கள்.

பூவம்மா படுதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இடுப்பில் பானை. முதலில் கன்னியம்மாவைத் தூக்கி மடியில் சாய்த்து ஊற்றினாள். அவள் முழுங்கினாள், இன்னொரு வாய் கேட்டாள். அதற்கப்புறம் வரதன் பக்கம் திரும்பினாள்.

"தூ, நீயெல்லாம் ஒரு மனுசன். வாயத் தெற."

அவன் திறந்தான். கஞ்சி சூடாக இறங்கியது. உப்பு கொஞ்சம் தூக்கல்.

"ஜபமா பண்ண ஜபம்? மூச்சுப் புடிச்சுகினு இருந்திருக்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் புடிச்சிருப்பேன்ல?"

"உனுக்கு இன்னாத்துக்கு அத்தே? உனுக்குத்தான் ஆடியிலயே வந்துட்டுதே."

பூவம்மா கொட்டாங்குச்சியைப் பானைக்குள் விட்டுச் சும்மா கலக்கினாள். வெளியே ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். குரலைத் தணித்தாள். அவளுக்குத் தணிந்த குரல் ஒன்று உண்டு என்பதே வரதனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"வந்துதா இன்னான்னு எனக்கே தெரியாது மாப்ள."

வரதன் வாயில் இருந்த கஞ்சியை முழுங்க மறந்தான்.

"ஒடம்பு வலிச்சுது, படுத்தேன். மருமவ சோறாக்கிக் கொண்ணாந்து கையில குடுத்தா. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் குடுத்தா. நல்லா இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாளு சேத்துப் படுத்தேன். அதுல எவ்ளோ ஜுரம், எவ்ளோ சோம்பேறித்தனம்னு நான் இன்னாத்தக் கண்டேன்? தெனம் ஒன்னக் கேட்டுக் கேட்டுப் பாத்தேன், நீயும் ஒண்ணும் வெளங்கச் சொல்ல மாட்டேன்னுட்ட."

"அப்ப ஒனக்கு வரலாமே!"

"வரலாம். வராமலும் போலாம்."

"தெரிஞ்சுகினே உள்ள வந்தியா?"

"பின்ன, வெளில நின்னு துடுப்பால தள்ளணுமா? வாயத் தெற."

அந்த நேரம் வேலிக்கு வெளியே தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. கிருஷ்ணப்பன். தங்கச்சியை எட்டிப்பார்க்க ஆசை, கால்தான் வரவில்லை. அவனுக்குப் பின்னால் மற்ற வரிசைக்காரர்களும் பானையோடு நின்றார்கள். வரதன் போட்ட சத்தத்தில் அவர்களுக்கும் ஆடி ஜுரத்தின்மேலேயே ஒரு சந்தேகம் பிறந்திருக்கவேண்டும்.

"அத்தே!" என்று கூப்பிட்டான் கிருஷ்ணப்பன். "ஒனக்கு ஆடியில மெய்யாலுமே வந்துதில்ல? இவனாட்டம் பொய் இல்லியே?"

பூவம்மாவின் கை நின்றது. அவள் வரதனைப் பார்த்தாள். வெளியே பானைகள் காத்துக்கொண்டிருந்தன.

காலையில்தான் தொண்டை கிழிய உண்மையைப் பேசியிருந்த வரதன் முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"வந்துது மச்சான்! ஆத்தா மேல சத்தியமா வந்துது! அனலாக் கொதிச்சுது, நானே தொட்டுப் பாத்தேன்!"

வெளியே பானைகள் நகர்ந்தன. கம்பளிக்குள்ளிருந்து கன்னியம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலானது. பூவம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அடுத்த கொட்டாங்குச்சியை மொண்டாள்.